படிக்கும்போதே வலைப்பதிவு: முதல் வேலைக்கான சான்றை எழுதிச் சேர்ப்பது எப்படி?

முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் பயோடேட்டாவைப் படிப்பவர், அதிலிருந்து பெரும்பாலும் எதையும் தெரிந்துகொள்வதில்லை. பட்டம், மதிப்பெண், இறுதியாண்டில் குழுவாகச் செய்த ஒரு திட்டம், ஒரு மாதப் பயிற்சி, ‘கடின உழைப்பாளி’, ‘குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்’. பக்கத்து இருக்கையில் படித்தவரின் தாளிலும் இவையே வரிசை மாறி இருக்கும். தேர்வு செய்பவர் அறிய விரும்புவது வேறு. இவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் எப்படித் தொடங்குவார்? நடுவில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வார்? செய்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வாரா? பயோடேட்டாவில் இந்தக் கேள்விகளுக்கு இடமே கிடையாது. நல்ல வலைப்பதிவில் மூன்றுக்கும் விடை இருக்கும்.

‘நல்ல’ என்று சொல்லக் காரணம் உண்டு. வலைப்பதிவு என்றதும் கருத்துச் சொல்லும் மேடை என்றே பலரும் நினைக்கிறார்கள். தொழில்நுட்பத்தின் எதிர்காலம், இளைஞர்களின் கடமை, வெற்றிக்குப் பத்து வழிகள் என்றெல்லாம் எழுதத் தொடங்குகிறார்கள். இருபது வயதில் அப்படி எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் அதைப் படித்து யாரும் வேலை தரப்போவதில்லை. நீங்கள் செய்த வேலையை, செய்த விதத்தோடு, பிறர் பார்க்கும்படி எழுதி வைக்கும் இடமாக வலைப்பதிவை வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்காக இரண்டு நிகழ்வுகள். 2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயது மாட் முல்லன்வெக் தம் வலைப்பதிவில் ஒரு சிக்கலைப் பற்றி எழுதினார். அவர் பயன்படுத்திவந்த ‘பி2’ என்ற வலைப்பதிவு மென்பொருளை உருவாக்கியவரிடமிருந்து மாதக்கணக்கில் எந்தத் தகவலும் இல்லை. அதன் நிரல் திறந்த உரிமத்தில் இருப்பதால் அதை எடுத்து மேம்படுத்தலாம் என்பது அந்தப் பதிவின் சாரம். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், தாமும் சேர்ந்துகொள்வதாகப் பின்னூட்டம் இட்டார். அதே ஆண்டு மே 27-ஆம் தேதி, அந்த நிரலிலிருந்து உருவான வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளின் முதல் பதிப்பு வெளியானது. அடுத்த ஆண்டு சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தி நிறுவனம் முல்லன்வெக்கை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதே 2003-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த எஸ்ரா கிளைனைக் கல்லூரிப் பத்திரிகை சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் அரசியல் பற்றி வலைப்பதிவில் எழுத ஆரம்பித்தார். 2009-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தார்.

இவை அபூர்வமான நிகழ்வுகள், சந்தேகமே இல்லை. எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. வழக்கமாகக் கிடைக்கும் பலன் சிறியது: நேர்காணலில் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும், பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும், பயிற்சிப் பணி கேட்டு அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வரும். முதல் வேலையைத் தேடுபவருக்கு இதுவே பெரிய உதவி.

விளம்பர வருமானம் பற்றி ஒரே வார்த்தை: மறந்துவிடுங்கள். மாதம் சில நூறு பேர் படிக்கும் பதிவில் விளம்பரம் சம்பாதித்துத் தருவது ஒன்றுமில்லை. வேலை தரக்கூடியவர் பக்கத்தைத் திறக்கும்போது எடை குறைக்கும் மாத்திரை விளம்பரம் குறுக்கே வந்து நிற்பதுதான் மிச்சம்.

யாருக்காக எழுதுகிறீர்கள்

‘எல்லாருக்கும்’ என்று எழுதப்படுவதை யாரும் படிப்பதில்லை. இரண்டு பேரை மனத்தில் வையுங்கள். ஒருவர், உங்கள் துறையில் உங்களுக்கு ஓராண்டு பின்னால் வரும் மாணவர். இன்னொருவர், நீங்கள் சேர விரும்பும் இடத்தில் புதியவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். முதலாமவருக்குப் புரிய வேண்டும். இரண்டாமவர் படித்துவிட்டு ‘சரி, இந்தப் பையனுக்கு, இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிகிறது’ என்று தலையசைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பதிவில் செய்ய முடியும். முதலாமவருக்காக விளக்கமாக எழுதினால், இரண்டாமவர் உங்கள் விளக்கும் திறனை எடைபோட்டுக்கொள்வார்.

மாணவருக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. முப்பது ஆண்டு அனுபவசாலிக்கு, ஒரு விஷயம் புரியாமல் இருந்த நிலை மறந்தே போயிருக்கும். உங்களுக்கு அது போன வாரம்தான். எந்த வரியில் தடுக்கிற்று, பாடப்புத்தகம் எந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பது நினைவில் பசுமையாக இருக்கும். ‘எனக்கு என்ன தகுதி இருக்கிறது எழுத?’ என்று தயங்குபவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

எந்தத் துறைக்குப் போவது என்று இன்னும் முடிவு செய்யாதவர் என்ன செய்வது? இரண்டு மூன்று திசைகளில் எழுதிப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து, எந்தப் பதிவுகளை எழுத உட்காரும்போது சலிப்பு வரவில்லை என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இடமும் பெயரும்

இங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். வார்ப்புருவையும் வண்ணத்தையும் மாற்றிக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டு, ஒரு வரியும் எழுதாமல் விட்டவர்கள் ஏராளம்.

எளிதாகத் தொடங்க நினைப்பவருக்கு 1999-இல் வந்து இன்றும் கூகுளிடம் இருக்கும் பிளாகர் போதும். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசக் கணக்கும் போதும். நிரல் எழுதும் மாணவர்கள், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் வலைப்பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் தொடங்கலாம். பதிவும் நிரலும் ஒரே இடத்தில் இருப்பது அவர்களுக்கு வசதி. சமூக வலைத்தளத்தில் எழுதினால் போதாதா என்றால், போதாது. அங்கே இன்று எழுதியது அடுத்த வாரம் கீழே புதைந்துவிடும். எட்டு மாதம் கழித்து நேர்காணலின்போது எடுத்துக் காட்ட அலைய வேண்டியிருக்கும். பதிவின் சுருக்கத்தை அங்கே போட்டு இணைப்புக் கொடுங்கள்; முழுப்பதிவு உங்கள் இடத்திலேயே இருக்கட்டும்.

முகவரியில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கட்டும். கல்லூரி விடுதியில் வேடிக்கையாகத் தோன்றிய புனைபெயரைப் பயோடேட்டாவில் அச்சிடும்போது கூச்சமாக இருக்கும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் தனித் தளப்பெயர் வாங்கிக்கொள்ளலாம். நாளை வேறு சேவைக்கு மாறினாலும் முகவரி மாறாது. வாங்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

எழுதியவற்றின் நகலை மட்டும் கட்டாயம் வைத்திருங்கள். ஒரு காலத்தில் கோடிக்கணக்கான பக்கங்களைத் தாங்கி நின்ற ஜியோசிட்டிஸ் என்ற வலைப்பக்கச் சேவையை யாஹூ 2009-இல் மூடியது. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவை 2012-இல் ட்விட்டரிடம் போனது, 2013-இல் மூடப்பட்டது. பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலுமே எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பருவத்துக்கு ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் நிம்மதி.

‘என்னைப் பற்றி’ பக்கத்தில் என்ன படிக்கிறீர்கள், எதில் ஈடுபாடு, எப்போது முடிக்கிறீர்கள், எந்த மின்னஞ்சலுக்கு எழுதலாம் என்று நான்கு வரி போதும். தொலைபேசி எண், வீட்டு முகவரி, தினமும் எந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். மின்னஞ்சலையும் இதற்கெனத் தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

எழுதப் பொருள் எங்கே கிடைக்கும்

சிக்கிய இடத்தில் கிடைக்கும். ஒரு சிறிய குறிப்பேடு, அல்லது கைபேசியில் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் உங்களை நிறுத்திவைத்த எதையும் ஒரே வரியில் அதில் எழுதுங்கள். ‘கணக்கு ஏன் ஒத்துவரவில்லை’, ‘இந்த வார்த்தையை நீதிமன்றம் ஏன் இப்படிப் பயன்படுத்துகிறது’, ‘ஆய்வகக் கருவி ஏன் ஒரே மாதிரிக்கு இரண்டு அளவு காட்டியது’. மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்தால், விடை கண்டுபிடித்துவிட்டவை நான்கைந்தாவது இருக்கும். அவைதான் உங்கள் பதிவுகள்.

கட்டடப் பொறியியல் மாணவர் ஒருவர் கான்கிரீட் கனசதுரத்தை உடைத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. கனசதுரம், ஏழாம் நாளில் 28-ஆம் நாள் வலிமையின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும் என்பது பாடம். கையில் இருக்கும் கனசதுரம் இலக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. கலவையில் தண்ணீர் கூடியதா, அச்சில் சரியாக இடிக்காமல் உள்ளே வெற்றிடம் விழுந்ததா, கியூரிங் (ஈரத்தில் வைத்து இறுக விடுதல்) போதவில்லையா, சோதனை இயந்திரத்தில் கட்டியைச் சாய்வாக வைத்துவிட்டார்களா? உடைந்த துண்டின் புகைப்படத்தைப் போட்டு, ஒவ்வொரு காரணத்தையும் எப்படி ஏற்றார் அல்லது தள்ளினார் என்று எழுதினால், அது ‘கான்கிரீட்டின் பயன்கள்’ என்ற பதிவுகள் நூற்றைவிட மேல்.

சட்டம் படிப்பவர் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு, சட்டம் தெரியாதவருக்கு இரண்டு பக்கத்தில் விளக்கலாம். மொழிபெயர்ப்பில் ஈடுபாடு உள்ளவர் ஒரே பத்தியின் மூன்று வரைவுகளைக் காட்டி, ஒவ்வொன்றிலும் எதை மாற்றினார் என்று சொல்லலாம். வணிகவியல் மாணவர் பொதுவில் வெளியாகும் ஓர் ஆண்டறிக்கையை எடுத்து, லாபம் கூடியிருக்க ரொக்கம் ஏன் குறைந்தது என்று தேடலாம். யாரும் உங்களிடம் ஒப்படைக்காத வேலையை நீங்களே எடுத்துச் செய்யலாம் என்பதுதான் இதன் வசதி. அனுபவம் கேட்கும் வேலைக்கு அனுபவம் இல்லாதவர் நுழைய இதுவும் ஒரு வாசல்.

ஒரு பதிவை எப்படி எழுதுவது

முழுக் கட்டுரையிலும் முக்கியமான பகுதி இதுதான். சற்று நிதானமாகப் பார்ப்போம். புள்ளியியல் மாணவி ஒருவர் தம் திட்டப் பணியைப் பற்றி இப்படி எழுதுகிறார்:

“இந்தத் திட்டத்தில் மூன்று கிளைகளின் விற்பனைத் தரவுகளைச் சேகரித்துச் சுத்தம் செய்து பகுப்பாய்வு செய்தோம். பல சவால்களைச் சந்தித்தோம். இது மிகவும் பயனுள்ள அனுபவமாக இருந்தது.”

இதில் பொய் இல்லை, செய்தியும் இல்லை. அதே வேலையை அவரே இப்படியும் எழுதலாம்:

“மூன்று கிளைகளின் கோப்புகளையும் ஒன்றாக்கினோம். ஜூனோடு முடிய வேண்டிய அட்டவணையில் டிசம்பர் விற்பனை வந்து நின்றது. அந்த வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது எல்லாமே ஒரே கிளையிலிருந்து வந்தவை. அந்தக் கிளையில் தேதி எழுதும்போது நாளின் எண்ணை முதலில் எழுதுகிறார்கள். மற்ற இரண்டிலும் மாதம் முதலில். மே 12 என்ற பொருளில் அவர்கள் 12/05 என்று எழுதியதை எங்கள் நிரல் டிசம்பர் 5 என்று படித்திருக்கிறது. எந்தக் கோப்பு எந்த முறை என்று எங்கும் குறிப்பு இல்லை. அதனால் ஒவ்வொரு கோப்பிலும் முதல் எண் 12-ஐத் தாண்டும் வரி இருக்கிறதா என்று தேடினோம். 17/05 என்று ஒரு வரி இருந்தாலே போதும், அந்தக் கோப்பில் நாள்தான் முதலில். நாளும் மாதமும் 12-க்குள் இருந்து, இரண்டும் வெவ்வேறாக இருந்தால்தான் குழப்பம். எண்ணிப் பார்த்தால் ஆண்டுக்கு அப்படி 132 தேதிகள் இருக்கின்றன.”

இரண்டாவது பத்தியை எழுதியவரை நேர்காணலுக்கு அழைக்கத் தோன்றுகிறது அல்லவா? வித்தியாசம் நடையில் இல்லை. எதைப் பார்த்தார், எதைச் சந்தேகப்பட்டார், எப்படிச் சோதித்தார் என்பது தெரிகிறது. வராத டிசம்பரைக் கண்டதும் அந்த வரிகளை அழித்துவிட்டு மேலே போகாமல் நின்று பார்த்திருக்கிறார். தரவோடு வேலை செய்யும் எந்த மேலாளரும் தேடுவது இந்தக் குணத்தைத்தான்.

இப்படி ஒரு சம்பவம் கையில் கிடைத்துவிட்டால், அதை வெளியுலகத்தோடு ஒரு நூலால் கட்டுங்கள். மேலே சொன்ன மாணவி, விரிதாளும் தேதியும் அறிவியலாளர்களையே படுத்திய பாட்டை ஒரு பத்தியில் சேர்க்கலாம். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற குறியீடுகள் கொண்ட மரபணுக்களை எக்செல் தானாகவே தேதியாக மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில் இந்தப் பிழை பரவிக் கிடந்தது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளோடு அந்த மரபணுக்களின் குறியீடுகளே மாறிவிட்டன. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது! இந்தப் பத்தி இருந்தால், எழுதியவர் தம் சிக்கலோடு நிற்காமல் துறையையும் கவனிக்கிறார் என்பது தெரியும்.

அமைப்பு பற்றிப் பெரிய விதிகள் இல்லை. முதல் இரண்டு வாக்கியத்தில் சிக்கல் என்ன என்று சொல்லிவிடுங்கள். ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் பத்தியை அப்படியே வெட்டிவிடலாம். பதிவுக்கு ஒன்றும் ஆகாது. படம், அட்டவணை, நிரல் எதுவானாலும் அதைப் பற்றிப் பேசும் இடத்திலேயே வையுங்கள். பலிக்காத முயற்சிகளையும் ஓரிரு வரியில் சொல்லுங்கள். எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக வந்ததாக எழுதப்பட்ட பதிவை அனுபவசாலிகள் நம்ப மாட்டார்கள். முடிவு கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதலாம். நீளம் 600-லிருந்து 1000 சொற்கள் வரை இருந்தால் போதும்.

எழுதியதும் வெளியிடாதீர்கள். ஒரு நாள் ஊறட்டும். மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள்; நாக்கு இடறும் வாக்கியங்கள்தான் பிழையான வாக்கியங்கள். வேறு துறையில் படிக்கும் நண்பரிடம் கொடுத்து, எந்த இடத்தில் புரியாமல் போனது என்று மட்டும் கேளுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். எழுத்துப்பிழை பார்க்கவும், ஒரு வாக்கியத்தைச் சுருக்கவும் அவற்றைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. பதிவையே அவற்றிடம் எழுதி வாங்கினால், நேர்காணலில் ‘இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்ற முதல் கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் கருவியால் உங்கள் ஆய்வகத்துக்குள் வந்து உடைந்த கனசதுரத்தைப் பார்க்க முடியாது; உங்கள் பதிவின் மதிப்பே அங்குதான் இருக்கிறது.

எந்த மொழியில் எழுதுவது? நீங்கள் போக விரும்பும் வேலை எந்த மொழியில் நடக்கிறதோ அதில். இதழியல், மொழிபெயர்ப்பு, கற்பித்தல் போன்ற துறைகளில் தமிழில் எழுதுவதே சான்று. நிரலாக்கத்தைத் தமிழில் விளக்குபவர்கள் குறைவு என்பதால், அங்கேயும் தமிழ்ப் பதிவு தனித்துத் தெரியும். விண்ணப்பத்துக்காக ஒன்றிரண்டை ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எதை எழுதக் கூடாது

பயிற்சிப் பணிக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வாடிக்கையாளர் பெயர், உள் ஆவணம், இன்னும் வெளியாகாத பொருள், திரையில் தெரிந்த எண்கள், எதுவும் பதிவில் வரக் கூடாது. எழுதலாமா என்ற ஐயம் வந்தால் மேலாளரிடம் வரைவைக் காட்டி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல இடங்களில் மகிழ்ச்சியோடு அனுமதிப்பார்கள். அங்கே கற்ற முறையை, பொதுவில் கிடைக்கும் வேறு தரவில் செய்து காட்டுவது அதைவிடப் பாதுகாப்பு.

மருத்துவம், செவிலியம், உளவியல், சமூகப்பணி படிப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையான விதி. நோயாளியின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வயது, அரிதான நோய், சேர்ந்த நாள் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தனி ஒருவரின் கதையை விட்டுவிட்டு, செய்முறையையோ வழிகாட்டு நெறியையோ பற்றி எழுதுங்கள்.

வகுப்பில் மதிப்பெண்ணுக்காகக் கொடுத்த பயிற்சியின் விடைகளை அப்படியே போடுவது பல கல்லூரிகளில் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். அடுத்த ஆண்டும் அதே கேள்வியைக் கொடுப்பார்கள். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். மற்றவர்களின் பெயரைப் போடும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியரையோ நிறுவனத்தையோ திட்டி எழுதுவது அன்றைய கோபத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் படிக்கும் அடுத்த நிறுவனம், நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார் என்று கணக்குப் போடும்.

படங்கள் விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். தேடுபொறியில் தென்படும் படமெல்லாம் இலவசம் அல்ல. நீங்களே எடுத்த புகைப்படம், நீங்களே வரைந்த வரைபடம் மிக நல்லது. இல்லையென்றால், பிறர் பயன்படுத்த ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவற்றைத் தேடுங்கள். 2002 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த உரிமங்களில் பல வகை உண்டு: பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று, வணிகத்துக்குக் கூடாது என்பது இன்னொன்று, மாற்றம் செய்யக் கூடாது என்பது வேறொன்று. உரிமத்தின் பெயரைப் படித்துவிட்டு எடுங்கள்.

எத்தனை, எப்போது

கைவிடப்பட்ட வலைப்பதிவுகள் பலவற்றில் இரண்டே பதிவுகள் இருக்கும். முதலாவது, ‘வணக்கம், இனி வாரந்தோறும் எழுதப் போகிறேன்.’ இரண்டாவது, ‘நீண்ட நாட்களாக எழுதாததற்கு மன்னிக்கவும்.’ இரண்டையுமே எழுதாதீர்கள். அட்டவணையை யாருக்கும் அறிவிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒன்று எழுத முடிந்தால் நல்லது. தேர்வு மாதத்தில் ஒன்றும் வேண்டாம். படிப்பு முடியும்போது எட்டுப் பத்துப் பதிவுகள் உருப்படியாக இருந்தால், விண்ணப்பத்துக்கு அது தாராளம். இறுதியாண்டின் கடைசி மாதத்தில் அவசரமாக எழுதிக் குவித்த பத்து, தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கண்ணில் படச் செய்வது

தலைப்பில் ‘ஒரு அனுபவம்’ என்று போட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது. ‘விற்பனைக் கோப்பில் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பதைக் கண்டறிவது எப்படி’ என்று போட்டால், அதே சிக்கலில் மாட்டியவர் தட்டச்சு செய்யும் சொற்களே தலைப்பில் இருக்கும். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் சிறு குறிப்பு எழுதுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான்களுக்கு அது தேவை, தேடுபொறிகளும் அதைப் படிக்கின்றன. கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்துவிட்டால், எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்பது தெரியவரும். அதற்கு மேல் வருகை எண்ணிக்கையை மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்களுக்கு வேண்டியவர் பத்தாயிரம் பேர் அல்லர். சரியான நான்கு பேர்.

அந்த நான்கு பேரிடம் நீங்களாகவே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஒருவர் எழுதிய முறையைப் பின்பற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கே எழுதுங்கள்:

“வணக்கம். தேதிப் பிழைகளைக் கண்டறிய நீங்கள் விளக்கிய முறையை எங்கள் வகுப்புத் திட்டத்தில் பயன்படுத்தினேன். இரண்டு கோப்புகளில் சரியாக வந்தது. மூன்றாவதில் ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருந்ததால் தவறியது. என்ன செய்தேன் என்பதை இந்தப் பதிவில் எழுதியிருக்கிறேன். வேறு வழி இருந்தால் அறிய ஆவல். நன்றி.”

வேலை கேட்கவில்லை, புகழ்ந்து உருகவில்லை, படிக்க அரை நிமிடம் போதும். இத்தகைய கடிதங்களுக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பதில் வராவிட்டாலும் நஷ்டமில்லை. நினைவூட்டல் அனுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பிறர் பதிவுகளில் உருப்படியான பின்னூட்டம் எழுதுவதும் இதே வேலையைச் செய்யும். 2009-இல் டிமத்தி கவர்ஸ் என்ற கணிதவியலாளர், தீராத ஒரு கணக்கைத் தம் வலைப்பதிவில் போட்டு, யார் வேண்டுமானாலும் சேர்ந்து தீர்க்கலாம் என்று அழைத்தார். பேராசிரியர்களோடு பள்ளி ஆசிரியர் ஒருவரும் பின்னூட்டங்களில் சேர்ந்துகொண்டார். சில வாரங்களில் தீர்வு கிடைத்தது. கட்டுரை ‘பாலிமேத்’ என்ற கூட்டுப்பெயரில் வெளிவந்தது. அங்கே பேசியது பட்டம் அல்ல, எழுதிய பின்னூட்டத்தின் தரம்.

விண்ணப்பத்திலும் நேர்காணலிலும்

பயோடேட்டாவில் வலைப்பதிவின் முகப்பு முகவரியை மட்டும் போடுவது வீண். அதைத் திறந்து, எதைப் படிப்பது என்று தேடும் பொறுமை யாருக்கும் இல்லை. அந்த வேலைக்குப் பொருந்தும் இரண்டு பதிவுகளை நீங்களே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: ‘மூன்று கிளைகளின் விற்பனைத் தரவில் தேதிப் பிழையைக் கண்டறிந்து திருத்திய விதம்: இணைப்பு.’ வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது வேறு இரண்டு. அனுப்பும்முன், உள்நுழையாத உலாவியில் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். வரைவாகவே இருக்கும் பதிவு உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

நேர்காணலுக்கு முந்தைய நாள் உங்கள் பதிவுகளை நீங்களே ஒரு முறை எதிரி வக்கீலைப் போலப் படியுங்கள். ஏன் இந்த முறை, ஏன் அந்த முறை இல்லை? இன்று செய்தால் எதை மாற்றுவீர்கள்? தரவு பத்து மடங்கானால் இது தாங்குமா? இந்தக் கேள்விகள் வரும். நீங்களே செய்த வேலை என்பதால், மற்ற கேள்விகளைவிட இவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற பொதுக் கேள்விக்கும் ஒரு பதிவின் கதையையே பதிலாகத் தரலாம். பழைய பதிவில் பிழை இருப்பது அப்போதுதான் தெரியவந்தால் ரகசியமாக மாற்றாதீர்கள். பதிவின் மேலே தேதியிட்டு, எது தவறு, எது சரி என்று இரண்டு வரி சேருங்கள். திருத்தக் குறிப்பைப் பார்க்கும் மேலாளர் உங்களைக் குறைவாக மதிப்பிட மாட்டார்.

எழுத்தே வேலையாக இருக்கும் துறைகள், அதாவது மென்பொருள் ஆவணம் எழுதுதல், இதழியல், விளம்பர எழுத்து, பாடநூல் தயாரிப்பு ஆகியவற்றில் மாதிரி எழுத்தைத் தனியாகவே கேட்பார்கள். வலைப்பதிவு வைத்திருப்பவர் அங்கே இணைப்பை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

வேலை கிடைத்த பிறகு நியமனக் கடிதத்தோடு வரும் விதிகளில் வெளியில் எழுதுவது பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில நிறுவனங்கள் முன் அனுமதி கேட்கும். பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவது எல்லாம் தமக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் வரி இருக்கும். கையெழுத்துப் போடும்முன், உங்கள் வலைப்பதிவின் முகவரியைக் குறிப்பிட்டு, அது விலக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது.